அழுக்குப் படாத கவுன்

சாவி அக்காவோடு வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் பிள்ளைகள் ஹோமில் யாரும் இல்லை. பாஸ்டரே ஒரு முறை முயன்று பார்த்துவிட்டு, "சரிக்கா, உங்க இஷ்டம்" என்று ஜெபம் பண்ணப் போய்விட்டார். நான் அங்கே வேன் டிரைவர். எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். ஆனாலும் நான் கத்தி முடிக்கும் வரை இடுப்புச் சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, "முடிஞ்சுதா அண்ணே? நான் போய் வேலையப் பாக்கவா?" என்று அவள் கேட்டால், அதற்கு மேல் என்ன பேசுவது? சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

என்னைவிட இளையவள்தான். ஹோமில் சின்னது பெரியது எல்லாம் அக்கா என்றது, நானும் அக்கா என்றேன். பால்பவுடர் அலமாரி, மருந்துப் பெட்டி, சோப்பு வைக்கும் அறை என்று எல்லாப் பூட்டுக்கும் அவளிடம்தான் சாவி. அதில் ஒரு சாவியை மட்டும் சிவப்பு நூல் சுற்றி வைத்திருந்தாள். அது வராந்தாக் கோடியில் இருந்த இரும்பு பீரோவின் சாவி. பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்போது உடுத்தும் துணி அதற்குள் இருந்தது.

எங்கள் ஹோமில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அம்மாவோ அப்பாவோ மாமாவோ இருக்கிற பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவார்கள். காலையில் நான் வேனில் ஏற்றிப் போய் வீடு வீடாக இறக்கிவிட்டு, இருட்டுவதற்குள் திரும்ப அள்ளிக்கொண்டு வரவேண்டும். அதற்கு முந்தின நாளே சாவி அக்காவுக்குப் பேய் பிடித்துவிடும். யாரோ எங்கிருந்தோ மூட்டையாக அனுப்பிய பழைய துணிகளைப் பிரித்து, அளவு பார்த்து, தைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, கடையில் தொங்குகிற மாதிரி ஆக்கிவைப்பாள். காலை ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருப்போம். அவள் மட்டும் யாருடைய காலர் மடங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிறகு பிள்ளைகள் பீரோ முன்னால் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றையும் உடுத்திவிட்டு, தலை வாரி, முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு மிரட்டல்.

"அழுக்காக்கிட்டு வந்தீங்க, அடுத்த மாசம் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். ஆமா, சொல்லிட்டேன்!"

சாயங்காலம் கேட்டில் நின்றுகொண்டு ஒவ்வொரு பிள்ளையையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பாள். கறை இருந்தால் திட்டு. ஆனால் அடுத்த மாதம் அந்தப் பிள்ளையும் அதே வரிசையில் நிற்கும். இத்தனை வருடத்தில் அவள் ஒரு பிள்ளையையும் நிறுத்தியதில்லை. அது சும்மா வாய்ப்பேச்சு என்று பெரியவர்கள் எங்களுக்கெல்லாம் தெரியும். நாங்களும் சிரித்துவிட்டுப் போவோம்.

மிளகு என்று ஒரு பெண் இருந்தாள். உருவத்தில் சின்னது, பேச்சில் காரம், அதனால் அந்தப் பெயர். வேனில் எனக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "மாமா, அந்த லாரி உங்கள முந்திட்டுப் போகுது, விடாதீங்க" என்று உசுப்பேற்றுவாள். அப்பன் ஒரு நாள் வேலைக்குப் போகிறேன் என்று போனவன்தான், இருக்கிறானா செத்தானா தெரியாது. அப்போது அம்மா கையில் பச்சைக்குழந்தை. அட்டைப்பெட்டி செய்யும் கொட்டகையில் அம்மாவுக்கு வேலை, அதன் பின்னாலேயே ஒற்றை அறையில் குடியிருப்பு. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாமல், சின்னவன் நடக்கிற வரைக்கும் என்று சொல்லித்தான் மிளகை எங்களிடம் விட்டாள்.

சின்னவன் இப்போது நடப்பது மட்டுமல்ல, ஓடினான். அந்த வருடம் பாஸ்டர் எல்லா வீடுகளுக்கும் சொல்லி அனுப்பினார். பரீட்சைக்கு முன்னால் முடிவைச் சொல்லிவிட வேண்டும், கூட்டிக்கொண்டு போவதானால் போகலாம், இல்லையென்றால் பெரிய பெண்களை வேறு ஊரில் இருக்கிற ஹாஸ்டலுக்கு மாற்றிவிடுவார்கள். மிளகும் அந்தக் கணக்கில் வந்தாள். அங்கே போய்விட்டால் மாதாமாதம் வீடு கிடையாது, வருடத்துக்கு ஒரு தடவை விடுமுறைக்கு வந்தால் உண்டு. அவள் அம்மா கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்றுதான் நான் நினைத்தேன்.

அந்த மாதம் மிளகை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, வேன் அந்தச் சந்திலேயே மூச்சை விட்டது. ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. புதிய பெல்ட் வாங்க ஆள் அனுப்பிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்கலாம் என்று மிளகு வீட்டுப் பக்கம் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலி. அதன்மேல் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் மிளகு. வெள்ளைக் கவுன், கழுத்தில் லேஸ், வெள்ளை சாக்ஸ். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, போட்டோ எடுக்கக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். அம்மா எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். கையெல்லாம் காய்ந்த பசை. சின்னவன் அக்காவிடம் போகத் துள்ள, அவன் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்து வைத்திருந்தாள்.

"போகாதடா. அக்கா டிரெஸ் அழுக்காயிடும்."

பேச்சு அவ்வளவுதான். மிளகா இது? வேனில் என் காதைத் தின்கிறவளா? நான் தண்ணீர் குடித்து முடிக்கிற வரைக்கும் அந்த வீட்டில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் கூப்பிடப் போனபோது, அம்மா சந்து முனை வரை என்னோடு வந்தாள்.

"அண்ணே, பாஸ்டர்கிட்ட சொல்லிடுங்க. அவ அங்கேயே இருக்கட்டும். அந்த ஹாஸ்டலுக்கே போகட்டும்."

"என்னம்மா சொல்ற? இவன் நடந்தா கூட்டிட்டுப் போறேன்னுதானே சொன்ன?"

"சொன்னேன். அவளுக்கு இந்த வீடு பிடிக்கலண்ணே. கால கூடத் தரையில வைக்க மாட்டேங்கிறா. தம்பி கிட்டப் போனா சுருங்கிக்கிறா. நான் தொட்டாக்கூட என் கையத்தான் பாக்குறா. வெள்ளையும் சொள்ளையுமா வளர்ந்துட்டா. இந்தப் பசை நாத்தத்துல எதுக்குக் கொண்டாந்து போடணும்?"

அழுதாளா என்றால் இல்லை. அழுதிருந்தால்கூட நான் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லியிருப்பேன். வேனில் ஏறியதும் மிளகிடம், "ஏண்டி, உங்க வீடு உனக்குப் பிடிக்கலையா?" என்று எரிந்து விழுந்தேன்.

"பிடிக்கும் மாமா. மெதுவா ஓட்டுங்க, கவுன் கசங்குது."

பார்த்தீர்களா? கவுன்! எனக்கு வந்ததே கோபம்! இந்தச் சாவி அக்கா லேஸும் சாக்ஸும் மாட்டி மாட்டி, அந்தப் பிள்ளைக்குத் தலையில் கொம்பு முளைக்க வைத்துவிட்டாள் என்று முடிவே கட்டிவிட்டேன். ஹோமுக்கு வந்து வேனை நிறுத்தினேனோ இல்லையோ, நேரே இஸ்திரி அறைக்குப் போனேன்.

"அக்கா, நீங்க பிள்ளைங்கள வீட்டுக்கு அனுப்புறீங்களா, கண்காட்சிக்கு அனுப்புறீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்ப கிழிஞ்சதப் போட்டு அனுப்பணுமாண்ணே?"

"சாதாரண துணி போட்டு அனுப்புங்க. தினமும் போடுறதப் போட்டு அனுப்புங்க. பெத்தவ தொடப் பயப்படுறா!"

"சாதாரண துணியோட போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது."

எனக்கும் தெரியும். ஹோமில் எல்லோருக்கும் தெரியும். அவளும் அதே ஹோமில் வளர்ந்தவள். அந்தக் காலத்தில் ஹோமில் கஷ்டம், இருப்பதைத்தான் உடுத்தவேண்டும். ஒட்டுப் போட்ட பாவாடையோடு வீட்டுக்குப் போனாளாம். அவள் அப்பா மூட்டை தூக்குகிறவர். அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி நின்று, "பெத்த பிள்ளைய இப்படிப் பிச்சைக்காரி மாதிரி விட்டுவச்சிருக்கானே, இவனெல்லாம் ஒரு அப்பனா" என்று அவர் காதுபடப் பேசினார்களாம். அந்த மனுஷனுக்கு அவமானம் தாங்கவில்லை. அடுத்த விடுமுறைக்கு மகளைக் கூப்பிட அவர் வரவில்லை. இவள் தகரப்பெட்டிமேல் கேட் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த விடுமுறைக்கும் வரவில்லை. அப்புறம் இவளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். படிப்பு முடிந்ததும் சமையலறையில் ஒத்தாசை, பிறகு துணி துவைப்பது, பிறகு சாவி. அந்த பீரோவை வாங்கித் தரச்சொல்லி அப்போதிருந்த பாஸ்டரை நச்சரித்து வாங்கினாள். எங்கள் ஹோமிலிருந்து போகிற எந்தப் பிள்ளையைப் பார்த்தும் எந்த அப்பனும் தலைகுனியக் கூடாது. அவளுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே வைராக்கியம் அதுதான்.

இதெல்லாம் தெரிந்ததால்தான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவளாக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போகலாம். நல்லவளை என்ன செய்வது?

"அப்ப நீங்களே வந்து உங்க கண்ணால பாருங்க," என்றேன்.

"வரேன். இவ்வளவு பண்ணி அனுப்புற பிள்ளைய வேணாம்னு சொல்றதுக்கு அந்தம்மாவுக்கு என்ன குறைன்னு நான் நேர்லயே கேக்குறேன்." அவளுக்கும் மூக்கு விடைத்துவிட்டது. பாஸ்டரிடம் போய், அடுத்த மாத வீட்டுச் சனிக்கிழமை வரைக்கும் மிளகைப் பற்றி ஒன்றும் முடிவு பண்ண வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டு வந்தாள்.

அந்தச் சனிக்கிழமைதான் பரீட்சைக்கு முந்தின கடைசி வீட்டு நாள். சாவி அக்கா என் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். வழி நெடுக, பிரேக் சத்தம் போடுது, கண்ணாடி அழுக்கு, சீட் கிழிஞ்சிருக்கு என்று நொட்டை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். மற்ற பிள்ளைகளை இறக்கிவிட்டு, கடைசியாக மிளகு வீட்டுக்குப் போனோம். அதே வெள்ளைக் கவுன்.

கொட்டகை வாசலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அட்டையை மடிப்பதும், பிரஷ்ஷால் பசை தடவுவதும், அமுக்கி அடுக்குவதுமாக இருந்தார்கள். மிளகின் அம்மா விடுப்பு கேட்கவில்லை போலிருக்கிறது, வேலையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்திருந்தாள். தரையில் மடிக்காத அட்டைகள், ஒரு கிண்ணத்தில் பசை. மிளகு யாரும் சொல்லாமலே போய் நாற்காலியில் துண்டின்மேல் உட்கார்ந்தாள். அம்மா ஒரு பசை டின்னைக் கவிழ்த்து, செய்தித்தாள் விரித்து, "உக்காருங்கக்கா" என்றாள். சாவி அக்கா உட்காரவில்லை.

"ஏம்மா, பெத்த பிள்ளைய வேணாம்னு சொல்லிட்டியாம்?"

"வேணாம்னு நான் எப்பக்கா சொன்னேன்? என்னால முடியாதுன்னு சொன்னேன். இத பாருங்க, இந்த வீட்ட பாருங்க. இந்த வெள்ளைய நான் எங்க வச்சுக் காப்பாத்துவேன்?"

"நாங்க நல்லா வச்சுக்கிட்டா அது தப்பா?"

"தப்புன்னு சொன்னேனா? உங்க பிள்ளையாவே ஆக்கிட்டீங்க, நீங்களே வச்சுக்கோங்கன்னுதானே சொல்றேன்!"

இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிட்டது. நான் நடுவில் புகுந்து "அட, கொஞ்சம் பொறுங்க" என்று கையைத் தூக்கினேன், யார் கேட்டார்கள்? இந்தச் சண்டையில் சின்னவனை ஒருவரும் கவனிக்கவில்லை. இத்தனை நாளாக அவன் காலரைப் பிடித்திருந்த கை இப்போது காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவன் பசைக் கிண்ணத்தில் இரண்டு கையையும் விட்டு அளைந்துகொண்டிருந்துவிட்டு, நேரே போய் நாற்காலியைப் பிடித்து, அக்கா மடியில் ஏறிவிட்டான். லேஸ்மேல் ஒரு கை, வயிற்றின்மேல் ஒரு கை. முகத்தையும் கொண்டுபோய்க் கழுத்தில் தேய்த்தான்.

மிளகு அவனைத் தள்ளவில்லை, பிடிக்கவும் இல்லை. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு சாவி அக்காவைப் பார்த்தாள்.

"நான் இல்லக்கா. நான் நகரவே இல்லக்கா. அவனா வந்தான். டிரைவர் மாமாவக் கேளுங்க, நான் நகரவே இல்ல. அடுத்த மாசம் என்னை அனுப்புவீங்கல்லக்கா?"

அம்மாதான் முதலில் பேசினாள்.

"என்னடி சொல்ற? நகரக்கூடாதுன்னு யார் சொன்னா?"

"அழுக்காச்சுன்னா அடுத்த மாசம் வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்கம்மா. நான் ஒவ்வொரு தடவையும் அழுக்காக்காமத்தான் வச்சிருந்தேன். அதான் அனுப்பினாங்க."

அடப் பாவி மகளே! நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். கொம்பு முளைத்துவிட்டது என்று நினைத்த நானும் முட்டாள், வீடு பிடிக்கவில்லை என்று நினைத்த அம்மாவும் முட்டாள். அந்தப் பிள்ளை மறுபடியும் வீட்டுக்கு வரவேண்டும் என்பதற்காக, வந்த வீட்டில் ஆடாமல் அசையாமல் இருந்திருக்கிறது.

அம்மா சாவி அக்கா பக்கம் திரும்பினாள்.

"இப்படியா சொல்லி அனுப்பினீங்க?"

"அது... சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா. நான் யாரையும் நிறுத்தினதே இல்ல. அண்ணே, நீங்க சொல்லுங்களேன்."

"பேச்சுக்கா? என் பிள்ளை என்கிட்ட வராம அந்த நாற்காலியில உக்காந்திருந்தா, என்னைப் பாத்து அருவருக்கிறான்னு நினைச்சு நான் மாசாமாசம் செத்தேன், உங்களுக்கு அது பேச்சா? என் கையத் தேச்சுத் தேச்சுக் கழுவி, தோலு உரிஞ்சு போச்சு. பாருங்க! நல்லாப் பாருங்க!"

இரண்டு உள்ளங்கையையும் அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். சாவி அக்கா அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு நாற்காலி முன்னால் மண்டியிட்டாள். இன்னும் மேலே தூக்கியபடியே இருந்த மிளகின் கைகளை இரண்டையும் பிடித்து, மெல்லக் கீழே இறக்கி, தம்பியின் முதுகில் வைத்தாள்.

"பிடிச்சுக்கோடி. விழுந்துடப் போறான்."

அதற்கப்புறம்தான் அந்தப் பிள்ளைக்கு அழுகை வந்தது. அம்மா எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க. சாயங்காலம் வந்தா போதும்."

வந்துவிட்டோம். நாள் முழுக்க வேனில் உட்கார்ந்திருந்தோம். நான் திட்டலாம் என்றுதான் இருந்தேன், வார்த்தைகளைக்கூட வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டினேன். வெயில் சாய்கிற நேரத்தில் தானாகவே ஒரு வார்த்தை சொன்னாள்.

"கிழிஞ்சதப் போட்டாலும் பிள்ளை வாசல்லயே நிக்கணும், நல்லதப் போட்டாலும் வாசல்லயே நிக்கணும்னா நான் என்னதாண்ணே பண்றது?"

எனக்கு என்ன தெரியும்? நான் வண்டி ஓட்டுகிறவன்.

சாயங்காலம் மிளகு வந்தாள். அம்மா வேலை செய்யும்போது மேலே போட்டுக்கொள்ளும் பழைய ஆம்பளைச் சட்டை, முட்டிக்குக் கீழே தொங்கியது. கை நான்கு மடிப்பு மடித்திருந்தது. முடியில் பசை, கன்னத்தில் பசை, விரலெல்லாம் அட்டைத் தூசி. "மாமா, நான் எவ்வளவு பெட்டி மடிச்சேன் தெரியுமா? அம்மாவ விட நான்தான் வேகம்" என்று சந்து முனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். அம்மா வெள்ளைக் கவுனைச் சுருட்டி, சாவி அக்கா மடியில் போட்டாள்.

"துவைக்கல. உங்க வேலை அது. பரீட்சை முடிஞ்சதும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன். பாஸ்டர்கிட்டயும் நானே பேசிக்கிறேன்."

திரும்பும் வழியில் மிளகு பின்சீட்டில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். சாவி அக்கா ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் கவுனை விரித்து, கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"அட்டைப் பசை. சுடுதண்ணியில ஊற வச்சாத்தான் விடும்."

இந்தப் பொம்பளை திருந்தவே மாட்டாள் என்று ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு அடி அடித்தேன்.

பரீட்சை முடிந்து மிளகு போய்விட்டாள், அதே சட்டையைப் போட்டுக்கொண்டு. விடுமுறை கழிந்து முதல் வீட்டு நாள் வந்தது. பிள்ளைகள் பீரோ முன்னால் வரிசையில் நின்றன. சாவி அக்கா பீரோவைத் திறக்கவில்லை.

"இனிமே எல்லாரும் அவங்கவங்க போடுற துணியிலயே போங்க."

வந்ததே வினை! ஒரே அழுகை. ஒருத்தி தரையில் உட்கார்ந்து காலை உதறினாள். "எங்க அப்பாகிட்ட நீல சட்டைதான் போட்டுட்டு வருவேன்னு சொல்லியிருக்கேன்" என்று ஒரு பையன் பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எனக்கோ நேரமாகிறது, வாசலில் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தேன். சாவி அக்கா என்னைப் பார்த்தாள். நான் கையை விரித்தேன். கடைசியில் சிவப்பு நூல் சாவியை எடுத்து பீரோவைத் திறந்து, பழையபடியே எல்லோருக்கும் உடுத்திவிட்டு, தலை வாரி, வேனில் ஏற்றினாள். கதவைச் சாத்தும் முன் உள்ளே தலையை நீட்டினாள்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. அழுக்கில்லாம வந்தீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு. ஆமா, சொல்லிட்டேன்!"

பிள்ளைகள் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்துக்கொண்டு சிரித்தன. நான் வண்டியை எடுத்தேன்.

இன்றைக்கும் சாயங்காலம் கேட்டில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் முன்னும் பின்னும் திருப்பித்தான் பார்க்கிறாள். கறையோடு வருகிறவர்களைத் திட்டாமல் விடுவதில்லை, அந்த வாயை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் போன மடிப்புக் கலையாமல் வந்து இறங்குகிற பிள்ளை ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். அதை மட்டும் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், குனிந்து, வேறு யார் காதிலும் விழாதபடி கேட்கிறாள்.

"ஏன் கண்ணு, அங்க உன்னை யாரும் தூக்கலையா?"